துணியில் வந்த பாகு வாசம்

ராஜபாளையம்
12.11.1987

அத்தானுக்கு, பூரணம் எழுதுவது.

நலம் கேட்டு ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் நலமாக இல்லை என்பது நமக்கே தெரியும்.

சொல்லாமல் கிளம்பி வந்தது தப்புதான். ஆனால் அன்று காலை அத்தை அடுப்படியில் வைத்து என்னைக் கேட்டது உங்கள் காதிலும் விழுந்தது. "ஏட்டி, தங்காத வயித்துக்கு ஏழு மாசத்துலயும் எதுக்கு இம்புட்டு மசக்கை?" என்றார். நீங்கள் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். அத்தை பேசியதைக் கூட மறந்துவிடுவேன். நீங்கள் போனதை மறக்க முடியவில்லை.

இந்த மூன்றாவது பிள்ளை இங்கே, என் அப்பா வீட்டில் பிறக்கட்டும். அம்மா இல்லாத வீட்டில் பிரசவம் பார்க்க ஆளில்லை என்றுதான் முதல் இரண்டையும் ஸ்ரீவில்லிபுத்தூரில் உங்கள் வீட்டிலேயே பெற்றேன். இப்போது தங்கச்சி செல்லக்கனி வளர்ந்துவிட்டாள். டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்வந்த நேரம் போக என்னைப் பார்த்துக்கொள்வாள்.

முதலில் பையன், அடுத்தது பெண். இரண்டும் பிறக்கும்போது நல்ல நிறை, நல்ல நிறம். சில நாள் பால் குடித்தன. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டன. உடம்பு வில்லாக வளைந்தது, கீச்சென்று ஓர் அழுகை, வலிப்பு, அவ்வளவுதான். பையனுக்கு மாந்தம் என்றார்கள். பெண்ணுக்குப் பட்சி தோஷம் என்றார்கள். டாக்டர் கிருமி என்றார். இரண்டுக்கும் ஒரே மாதிரி நடந்திருக்கும்போது காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்றாக எப்படி இருக்கும்? அதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கப் போகிறேன்.

பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.11.1987

அன்புள்ள பூரணத்துக்குக் காசிராஜன் எழுதிக்கொண்டது.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துத்தான் பிரித்தேன். எதிரே ஆள் நின்று அரைக் கிலோ பால்கோவா கேட்கிறார், நான் எடை போடாமல் நிற்கிறேன். இனிமேல் வீட்டு விலாசத்துக்கு எழுது.

அம்மா சொன்னது தப்பு. அங்கேயே நின்றிருந்தால் நான் அம்மாவைப் பார்த்து ஏதாவது சொல்லியிருப்பேன். அப்பா போன பிறகு அந்த அடுப்பு முன்னால் நின்று வெந்துதான் என்னை ஆளாக்கினார். அவரிடம் என் வாய் நீளாது. அதனால்தான் கேனைத் தூக்கினேன். இதைக் கோழைத்தனம் என்று நீ சொன்னால் நான் மறுக்கப் போவதில்லை.

அம்மா திங்கள்தோறும் மடவார் வளாகம் போய் வைத்தியநாத சுவாமியைக் கும்பிட்டு வருகிறார். பிள்ளை தங்கினால் நம் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவண்ணாமலைக் கோயிலில் மொட்டை போடுவதாக நானும் பெருமாளுக்கு நேர்ந்திருக்கிறேன். நமக்குச் செய்ய முடிந்தது இவ்வளவுதான். காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இரண்டையும் இந்தக் கைதான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனது. அதைப் பற்றிக் கேள்வி கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

நீ அங்கேயே இரு. நேரம் வந்ததும் சொல்லி அனுப்பு, வாரேன்.

காசிராஜன்


ராஜபாளையம்
9.2.1988

அத்தானுக்கு,

இதை மில்லில் அப்பாவோடு வேலை பார்க்கும் தங்கச்சாமி அண்ணன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நாங்கள் அடுத்த பஸ்ஸில் கிளம்புகிறோம்.

பிறந்த செய்தி கேட்டு நீங்கள் வந்து பையனைத் தூக்கிவைத்திருந்தபோது நன்றாகத்தான் இருந்தான். நீங்கள் போன மறுநாள் அவன் துணியை அலசக் குனிந்தேன். பாகு காய்ச்சும் வாசம் அடித்தது. சர்க்கரை அடிப்பிடிக்கத் தொடங்கும்போது வருமே, அதே வாசம். உங்கள் சட்டை வாசம் பிள்ளை மேல் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தேன். இன்று காலையும் அதே வாசம். இது புதுத் துணி. இந்த வீட்டில் பால் காய்ச்சுவது கூடக் காப்பிக்கு மட்டும்தான். செல்லக்கனியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "அக்கா, ஒங்க கடைக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள்.

அந்த நேரத்துக்கே அவன் பால் குடிப்பதை நிறுத்தியிருந்தான்.

நம் வீட்டில் மூத்தது இரண்டின் துணியையும் நான்தான் துவைத்தேன். அங்கே சுவரில், படுக்கையில், என் தலைமுடியில் எல்லாம் அந்த வாசம்தான். அந்தத் துணிகளிலும் இது இருந்திருந்தால் எனக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

வாருங்கள்.

பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.3.1988

பூரணத்துக்கு,

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகுதான் எழுத முடிந்தது. உன்னைத் தவிர எல்லோரும் வந்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் பேசியதை நினைத்து உனக்குக் கோபம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. பிள்ளை கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கூட ஆகவில்லை, அந்த டாக்டரம்மா பிள்ளையை அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார், நீ சரி என்று தலையாட்டுகிறாய். பெற்றவள் சரி என்கிறாள்! நான் யாரையும் கேட்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். என் பின்னால் வருவாய் என்று திரும்பிப் பார்த்தேன். நீ டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாய்.

"பிள்ளை போனதைவிட ஒனக்கு வாசந்தான் பெருசாப் போச்சா?" என்று நான் கத்தியது வார்டு முழுவதும் கேட்டிருக்கும். கத்தியது தப்பு. கேட்ட கேள்வியைத் தப்பு என்று சொல்ல இன்னும் எனக்கு மனம் வரவில்லை.

உன் சேலைகள் பெட்டியில் இருக்கின்றன. வேண்டுமானால் யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன்.

காசிராஜன்


ராஜபாளையம்
17.4.1988

அத்தானுக்கு,

சேலைகள் அங்கேயே இருக்கட்டும்.

நீங்கள் பிள்ளையைத் தூக்கிப் போன வழியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஓடிவரக் கால் துடித்தது. சுடுகாட்டுக்கு என்னை யாரும் கூட்டிப் போக மாட்டார்கள், வீட்டில் உட்காரவைத்து அழச் சொல்வார்கள். மூன்றாவது தடவையும் அழுதுவிட்டு, எதுவும் தெரியாமல் எழுந்திருக்க என்னால் முடியாது என்று தோன்றியது. அதனால் நின்றேன்.

டாக்டர் ஜெயபாய் நான் சொன்ன வாசத்தை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்ட முதல் ஆள். பையன் உயிரோடு இருக்கும்போதே துணியை வாங்கி மோந்து பார்த்தார். அவன் சிறுநீரைப் பிடித்து ஏதோ மருந்து ஊற்றினார், கலங்கி மஞ்சளாகத் திரிந்தது. மீதியை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கேயிருந்து பதில் வந்துவிட்டது. நேற்று என்னை வரச் சொல்லியிருந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பாலில் இருக்கும் சத்தைச் சில பிள்ளைகளின் உடம்பு உடைத்துச் செரிக்காது. பாதியில் நின்றுபோனது ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். ஒன்றுக்கில் அந்த வாசமும் அதனால்தான். எந்தப் பாலாக இருந்தாலும் அப்படித்தான்.

"அப்போ நான் குடுத்த பால்தானா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஒன் பால்ல ஒரு குறையும் இல்லம்மா. பிள்ளை பொறக்கும்போதே அந்தக் குறையோட பொறந்திருக்கு. நீ பால் குடுக்காம இருந்திருந்தா பட்டினில போயிருக்கும். இதுக்குன்னு வெளிநாட்டுல தனியா ஒரு மாவு இருக்கு. இங்க கெடைக்காது."

"எனக்கு என்ன குறை?"

"ஒனக்கு ஒண்ணும் இல்ல. ஒன் வீட்டுக்காரருக்கும் இல்ல. ஆனா ரெண்டு பேருமே இதச் சொமந்துக்கிட்டு இருக்கீங்க. ஆளுக்குப் பாதி. ரெண்டு பாதியும் ஒரே பிள்ளைல சேந்தா இப்படி ஆகும். ஒவ்வொரு பிரசவத்துக்கும் நாலுல ஒரு பங்கு அப்படிச் சேரலாம். ஒனக்கு மூணு தடவையும் சேந்துருச்சு."

ஆளுக்குப் பாதி, அத்தான். என் வயிறு மட்டும் இல்லை. இதைப் பழி தீர்க்க எழுதவில்லை. தெரிந்துகொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
5.5.1988

பூரணத்துக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் பாதி என்றால் நான் எப்படி நடமாடுகிறேன், அம்மா பெற்ற பிள்ளை நான் எப்படித் தங்கினேன் என்று யோசித்தேன். விளங்கவில்லை.

இன்னொரு விஷயம். நானே சொல்வதுதான் முறை. உன் அப்பா போன வாரம் இங்கே வந்தார். அம்மாவும் அவரும் பேசி, செல்லக்கனியை எனக்கு இரண்டாவதாகக் கட்டிவைப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆவணியில் நாள் பார்க்கிறார்கள். அக்காவும் தங்கச்சியும் ஒரே வீட்டில் இருந்தால் சண்டை வராது, உன்னையும் தள்ளிவைத்ததாக இருக்காது என்று மாமாவே சொன்னார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உனக்கு மனம் எரியும். நீ இதைத் தடுக்க டாக்டர் பேச்சை எடுத்துக்கொண்டு வருவாய் என்று அம்மா இப்போதே சொல்கிறார். நீ வந்து உன் வாயால் சம்மதம் சொன்னால் எல்லோருக்கும் நல்லது.

காசிராஜன்


ராஜபாளையம்
11.5.1988

அத்தானுக்கு,

மனம் எரிகிறது. மறைக்கவில்லை. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை.

நீங்கள் கன்னியாகுமரியில் இருந்து யாரோ முகம் தெரியாத பெண்ணைக் கட்டப் போவதாக எழுதியிருந்தால், நான் ஒரு வாரம் அழுதுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். செல்லக்கனி என் கூடப் பிறந்தவள். என்னிடம் உள்ள பாதி அப்பாவிடம் இருந்து வந்திருந்தால், அவளிடமும் இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவளிடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இப்போதைக்கு வழி இல்லை என்று டாக்டர் சொல்கிறார். மூன்று பிள்ளைகளை நான் மடியில் வைத்துப் பார்த்ததை அவள் பார்க்க விடமாட்டேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஒனக்குப் பொறாம" என்று அவரும் சொல்கிறார். சொல்லட்டும்.

அம்மா பெற்ற பிள்ளை நான் எப்படித் தங்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே கேள்வியைத்தான் டாக்டரும் கேட்டார். ஒரு தாளை எடுத்து, யாருக்கு யார் பிள்ளை, யார் யாரைக் கட்டினார்கள், கைப்பிள்ளையில் போனது எது என்று கோடு போட்டுக்கொண்டே வந்தார். அப்பாவும் அத்தையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அத்தை கட்டியது அவருடைய சொந்தத் தாய்மாமனை. சுற்றிச் சுற்றி ஒரே வீடு. அத்தை பெயருக்குக் கீழே உங்களை மட்டும் எழுதினேன். "ஒரே பிள்ளைதானா? நல்லாத் தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால், இதுவும் பொறாமைதான் என்று எழுந்து போய்விட்டார்.

அத்தையிடம் கேளுங்கள், அத்தான். அந்த வீட்டில் கேட்கத் தகுதி உள்ள ஆள் நீங்கள் ஒருவர்தான். கேட்டு, இல்லை என்று சொன்னால் இல்லை என்றே எழுதுங்கள். கேனைத் தூக்கிக்கொண்டு மட்டும் போய்விடாதீர்கள்.

பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.6.1988

அன்புள்ள பூரணத்துக்கு,

கேட்டுவிட்டேன். கேட்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தினமும் அடுப்படி வரைக்கும் போவேன், விறகைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலைக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அம்மா மட்டும் சட்டியில் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, என்னயத் தவிர வேற பிள்ளைக இருந்துச்சா?"

கை நிற்கவில்லை. "யாருல சொன்னா?"

"யாரும் சொல்லல. நான்தான் கேக்கேன்."

"ஒனக்கு முன்ன ஒண்ணு. பின்ன ஒண்ணு. ரெண்டும் பொம்பளப் பிள்ள." பாலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "பூரணம் பிள்ளைக போன மாதிரித்தான் போச்சு. பால் குடிக்காது. வளையும். கீச்சுக் கீச்சுன்னு கத்தும்."

உன் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட வேண்டும் என்று நின்றேன். "துணியில வாசம் அடிச்சுதாம்மா?"

அப்போதுதான் கரண்டியை விட்டார். நான் பிறந்த நாளில் இருந்து அவர் பாலை அடிப்பிடிக்க விட்டுப் பார்த்ததில்லை. அன்று பிடித்தது.

"நான் என்னத்தக் கண்டேன்? வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து இந்த அடுப்புதான். சேல, தலகாணி, சோறு அம்புட்டுலயும் இதே வாசம்." பிறகு, "சின்னது போறப்ப அடைமழ. பால் வரல, அடுப்பே பத்தவைக்கல. அப்பவும் அது துணில பாகு வாசம் வந்துது. பிள்ள போற கிறுக்குல எனக்குத்தான் அப்படித் தோணுதுன்னு இருந்துட்டேன். யார்ட்டயும் சொல்லல" என்றார்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்லச் சொல்லுத? எங்கம்மாவப் பெத்தவதான் எனக்கு மாமியா. அவளே என்னய, தங்காத வயிறுன்னு சொன்னா. நீ தங்கினபொறவுதான் அந்தப் பேச்சு நின்னுது. அத மறுபடி எடுத்து எதுக்கு..."

உன்னிடம் சொன்ன அதே வார்த்தை, பூரணம். அவருக்கும் அது நினைவு வந்திருக்க வேண்டும். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டி கருகிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நான் யாரிடமும் சொல்லாமல் மதுரை போனேன். டாக்டர் ஜெயபாயைப் பார்த்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் அன்று கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சொன்னதைச் சொன்னேன். தாளில் அம்மா பெயருக்குக் கீழே இன்னும் இரண்டு வட்டம் போட்டார். நான் அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு அக்காவும் ஒரு தங்கச்சியும் இருந்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் நான் கேட்ட கேள்வி தப்பு. இப்போது சொல்ல மனம் வருகிறது.

செல்லக்கனி விஷயம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மாமாவிடமும் நானே வந்து சொல்வதாக இருந்தேன். "நீ போவாத. எந்தம்பிகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்கிறார்.

காசிராஜன்


ராஜபாளையம்
2.7.1988

அத்தானுக்கு,

அத்தை நேற்று வந்தார். என்னைப் பார்த்தார், நேராக அப்பாவிடம் போனார்.

"சங்கையா, ஒன் சின்ன மகள் எங்க வீட்டுக்கு வேண்டாம்."

அப்பா துள்ளி எழுந்தார். "என்னக்கா இது? ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் சொல்லியாச்சு. பூரணம் ஏதும் ஓதிவிட்டாளா?"

"அவ சொன்னத நான் இத்தன நாளு கேக்கல. இப்போ நான் சொல்லுதேன், நீ கேளு. நம்ம அம்மா வீட்டுவழி வந்த சங்கதி இது. எனக்கு ரெண்டு. இவளுக்கு மூணு. அஞ்சு பிள்ளயக் குழிக்குள்ள வச்சாச்சு. ஆறாவதுக்கு ஒன் சின்ன மகளக் கேக்க எனக்கு என்ன கிறுக்கா?"

அப்பா சுவரில் சாய்ந்துவிட்டார். அத்தைக்கு இரண்டு பிள்ளைகள் போனது அவருக்குத் தெரியும், சின்னப் பையனாக இருந்தாராம். அதையும் இதையும் சேர்த்து அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

செல்லக்கனி உள்ளே இருந்து வந்தாள். "எனக்கு மொதல்லயே இஷ்டம் இல்ல. யாரும் எங்கிட்டக் கேக்கல" என்றாள். அத்தை அவளைப் பார்த்து, "கேக்காதது எங்க தப்புதான். நீ ஒன் டைப்பப் படி. ஒறவுல இல்லாத எடமாப் பாப்போம்" என்றார்.

போகும்போது என் கையைப் பிடித்தார். மன்னிப்பு என்று ஏதும் கேட்கவில்லை. "வீட்டுக்கு வாட்டி" என்றார். எனக்கு அது போதும்.

வருகிறேன். ஆனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், இன்னொரு பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பதை நாம் இரண்டு பேரும்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரம் இல்லை. பெற்றால் மதுரையில், டாக்டர் கண் முன்னால். பாலைக் கொடுத்துக்கொண்டே ரத்தமும் ஒன்றுக்கும் எடுத்துப் பார்த்துவிடுவார்கள். நான்கில் மூன்று பங்கு நம் பக்கம் இருக்கிறது என்கிறார். மீதி ஒரு பங்கு வந்தால், அதையும் தெரிந்தே மடியில் வைத்துக்கொள்வேன். தெரியாமல் இனி ஒரு பிள்ளையையும் விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.

பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.8.1990

அன்புள்ள பூரணத்துக்கு,

உன்னையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்ததில் இருந்து வேலை ஓடவில்லை. கோகுலாஷ்டமி, ஆவணி முகூர்த்தம் என்று ஆர்டர் குவிந்துவிட்டது. வராமல் முடியாது. இருந்தாலும் வந்தது சரியில்லை என்றே தோன்றுகிறது.

அம்மா இங்கே இல்லை. கான்சாபுரத்தில் நம் ஒன்றுவிட்ட சொந்தத்தில் சந்தனம் என்ற பெண்ணைத் தாய்மாமனுக்குப் பேசுவதாகக் கேள்விப்பட்டு, காலையிலேயே பஸ் ஏறிப் போயிருக்கிறார். போன தடவை போனபோது, "ஒம் மருமக பிள்ள தங்காததுக்கு எங்க வீட்டுக் கல்யாணத்தையா நிறுத்துத?" என்று கத்தி அனுப்பிவிட்டார்கள். "கத்தட்டும்ல. காதுல விழுந்திருக்கும்லா? மறுபடி போறேன்" என்று போகிறார்.

பிள்ளையின் ரத்தச் சோதனை முடிவு எப்போது வரும் என்று டாக்டர் சொன்னாரா? எனக்குக் கெட்டது வந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் எது வந்தாலும் நான் அங்கே இருப்பேன். நீ டாக்டரிடம் பேசும்போது பக்கத்தில் நிற்பேன். நாளை மறுநாள் கடையை மூடிவிட்டு வாரேன்.

காசிராஜன்


மதுரை
24.8.1990

அத்தான்,

தங்கச்சாமி அண்ணன் தன் மருமகளைப் பார்க்க இங்கே வந்தபோது உங்கள் கடிதத்தையும் கொண்டுவந்து தந்தார், இன்று ராஜபாளையம் திரும்புகிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி இதைக் கடையில் கொடுப்பதாகச் சொன்னார். அவரைக் காக்கவைத்துவிட்டு எழுதுகிறேன், அதனால் எழுத்து இப்படித்தான் இருக்கும்.

இல்லை. நம் மகளுக்கு அது இல்லை. ரத்தத்திலும் இல்லை, ஒன்றுக்கிலும் இல்லை. டாக்டர் ஜெயபாய் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். நான் படிக்கச் சொல்லாமல் அவர் முகத்தையே பார்த்தேன். "சுத்தமா இருக்கும்மா" என்றார். நான் பிள்ளையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டில்காரம்மா என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். அப்புறம் நான் அழுதேன். மூன்று பேருக்கும் சேர்த்து, அத்தையின் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன். டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லை.

இவளிடமும் அந்தப் பாதி இருக்கலாமாம். வளர்ந்து அவளுக்குக் கல்யாணம் பேசும் காலத்தில் நாம் சொல்ல வேண்டியது. சொல்லுவோம்.

அத்தை கான்சாபுரத்தில் இருந்து வந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சந்தனம் வீட்டில் கேட்கவில்லை என்றால் நான் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் நானும் கூடப் போகிறேன். இவளையும் தூக்கிக்கொண்டு போவேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று சொல்வேன்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. எழுத முடியவில்லை, பசி என்று வார்டே கேட்கும்படி கத்துகிறாள். போகிறேன்.

பூரணம்